ஓர் உலையும் ஐந்து இலையும்

சென்ற இதழின் நூலகப் பகுதியில், "கணினி அறை வழக்கம்போல் நடைபெற்று வருகிறது" என்று ஒரு வரி வெளியாகியிருந்தது. அந்த 'வழக்கம்போல்' என்னும் சொல்லைக் கண்டு நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் நோக்கிச் சிரித்துக்கொண்டோம். பத்திராதிபரும் எங்கள் சிரிப்பைக் கவனித்துவிட்டார். "அப்படியானால் நடந்ததை எழுதிக் கொடுங்கள். திருமணச் செய்தியும் திருவிழாச் செய்தியும் படித்துப் படித்து அன்பர்களுக்கும் சலித்திருக்கும்" என்றார். கட்டளையை மீற வழியில்லை.

எழுதுகின்ற கை ஒன்றுதான். ஆயினும் 'நான்' என்று தொடங்கக் கூசுகிறது. செய்த வேலையில் மூவருக்குப் பங்கு உண்டு. ஒருவர் சிக்னல் பிரிவில் பணிபுரியும் நண்பர். மற்றொருவர் பள்ளியில் முப்பது ஆண்டுகள் கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்ற அம்மையார். இக்காலனி முழுவதற்கும் அவர் டீச்சரம்மாதான். மூன்றாமவர் மெட்ரிக் தேறி, தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதனால் கருணை அடிப்படையில் கலாசியாகச் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா நாற்காலியில் அமர்ந்தவர். வேலை மூவருடையது, பிழை மட்டும் ஒருவருடையது. அவர் யார் என்பதைப் போகப்போக அன்பர்களே கண்டுகொள்வார்கள்.

கரக்பூர் என்றவுடன் ஊரிலுள்ள உறவினர்கள் கேட்பது நடைமேடையின் நீளத்தைப் பற்றித்தான். 1072 மீட்டர் என்று சொல்லிச் சொல்லி நாவும் பழகிவிட்டது. உலகிலேயே நீளமானது என்னும் பெருமையைக் கோரக்பூர் 2013ஆம் ஆண்டில் எடுத்துக்கொண்டது. அதனிடமிருந்து ஹூப்ளி 2023இல் எடுத்துக்கொண்டது. எங்களுக்கு மிஞ்சியிருப்பவை ரயில்வேப் பட்டறையும், காலனியும், காலனியின் ஒரு மூலையில் ஓடு வேய்ந்த இந்தச் சங்கக் கட்டிடமுமே. கட்டிடத்தின் பின்கட்டில், முன்பு பந்தல் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறைதான் இப்போது கணினி அறை.

அறையில் ஐந்து கணினிகள் உள்ளன. நான்கு, ஓர் அலுவலகம் கழித்துக் கட்டி ஏலத்தில் விட்டபோது எடை போட்டு வாங்கியவை. யாவும் பென்டியம் ரகம். ஐந்தாவது, அன்பர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துச் சென்றது. கோர் ஐ3 ரகம், 8 கிகாபைட் நினைவகம் உடையது. மாலை வேளைகளில் பிள்ளைகள் வந்து தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சுப் பழகுகிறார்கள். இந்தப் பிள்ளைகள் பள்ளியில் வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் எழுதுகிறவர்கள். தமிழை வீட்டில் பேசுவதோடு சரி. 'அ' எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் பிறகு கண்ணுக்கும் தெரிந்துவிடும் என்பது டீச்சரம்மாவின் கட்சி. அது மெய்யாகவே நடந்து வருகிறது.

வாயிலுக்கு அருகிலுள்ள கணினிக்கு மட்டும் வேறொரு மதிப்பு உண்டு. நூலகப் பதிவேடு அதில்தான் இருக்கிறது. அன்றியும், இவ்வூருக்கு முதன்முதல் வந்து குடியேறிய முதியோர் பதினொருவரை அமரச் செய்து, அவர்கள் வந்த கதையை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்த ஒலிக்கோப்புகளும் அதில்தான் இருந்தன. எந்த வண்டியில் வந்தார்கள், ஹௌராவில் இறங்கி மொழி தெரியாமல் எப்படித் திகைத்தார்கள், முதல் நாள் எந்த வீட்டில் சோறு கிடைத்தது என்பன போன்ற செய்திகள். பதினொருவரில் நால்வர் இப்போது இல்லை.

2023ஆம் ஆண்டு நவம்பரில் ஃப்ரீ பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தின் பதினான்காம் பதிப்பு வெளியாயிற்று. எங்கள் கணினிகளில் அதுவரை ஓடியது பதின்மூன்றாம் பதிப்பு. குரோதி வருடப் பிறப்பு 2024 ஏப்ரல் 14ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று பிள்ளைகள் தாங்களே தட்டச்சு செய்த கையேட்டுப் பத்திரிகை ஒன்றை வெளியிடுவதாக ஏற்பாடு. அதற்குள் ஐந்தையும் புதிய பதிப்புக்கு மாற்றிவிடுவோம் என்று நாங்கள் கமிட்டியில் வாக்குக் கொடுத்தோம். கமிட்டியிலோ, "இந்தப் பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? அறையைக் காலி செய்து கொடுத்தால் சமையல் பாத்திரம் வைக்க இடமாகும்" என்னும் கட்சி ஏற்கெனவே வலுத்திருந்தது. ஆகையினால் வாக்குத் தவறினால் அறையே போகக்கூடும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இயங்குதளம் என்பது என்ன என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கணினி வாங்கும்போது அதனுள் இருந்து, திரை, விசை, வட்டு எல்லாவற்றையும் ஆண்டு நடத்துகிற மூல நிரலையே அவ்வாறு அழைக்கிறோம். அது வானத்திலிருந்து இறங்கியதன்று; மனிதர் எழுதிய எழுத்து. பெரும்பாலும் 'சி' என்னும் மொழியில், பல லட்சம் வரிகளாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தைக் கம்பைலர் என்னும் கருவி கணினிக்குப் புரியும் எண்களாக வார்த்துத் தருகிறது. வார்த்ததை மட்டும் விற்று, எழுத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வோர் உண்டு. எழுத்தையும் கையில் கொடுத்து, "படித்துப் பார், வேண்டுமானால் திருத்து, நீயே வார்த்துக்கொள்" என்று சொல்வோரும் உண்டு. ஃப்ரீ பி.எஸ்.டி. இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அதன் பூர்வோத்தரமும் சுவையானதே. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யுனிக்ஸ், கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1970களின் பிற்பகுதியிலிருந்து மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்த்தவற்றால் வளர்ந்தது. பிறகு, "இது எங்கள் சொத்து" என்று 1992இல் ஒரு வழக்கு எழுந்தது. 1994இல் சமரசம் ஏற்பட்டபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்கவேண்டியிருந்தவை மூன்றே மூன்று! சிலவற்றில் சிறு திருத்தம், அவ்வளவுதான். பங்காளி வழக்கில் கிணற்றடிக் கல் ஒன்று கைமாறிய கதையாக முடிந்தது. இடையில் 1993 நவம்பரில் ஃப்ரீ பி.எஸ்.டி.யின் முதற்பதிப்பும் வெளிவந்துவிட்டது.

உண்மையைச் சொல்லவேண்டுமானால், வார்த்த பொருளையே இணையத்திலிருந்து இறக்கிப் பொருத்திக்கொள்ள வழி இருக்கிறது. மிகவும் எளிய வழி. நாங்கள் மூலத்திலிருந்து வார்க்கத் துணிந்ததற்குக் காரணம், தேவை பாதி, ஆசை பாதி. எங்களுக்கு வேண்டாத பகுதிகளை நீக்கிவிடலாம் என்பது தேவை. எழுத்திலிருந்து ஒரு கணினி உயிர்பெற்று எழுவதைப் பிள்ளைகள் கண்ணால் காணவேண்டும் என்பது ஆசை. டீச்சரம்மா இந்த ஆசையை முதலில் ஒப்பவில்லை. "கடையில் மாவு கிடைக்கும்போது ஆட்டுக்கல்லைத் தேடுகிறீர்கள்" என்றார். பிறகு கையேட்டை முழுதும் படித்துவிட்டு எங்களுக்கு முன்னே அவரே நின்றார்.

கையேட்டில் எங்களை மிகவும் கவர்ந்தது, வார்ப்பதன் வரிசைமுறை. புதிய உலகை வார்க்கப் புதிய கம்பைலர் வேண்டும். புதிய கம்பைலரோ இனிமேல்தான் வார்க்கப்படவேண்டும். இதற்கு என் செய்வது? பழைய கணினியிலுள்ள பழைய கம்பைலரைக்கொண்டு முதலில் சில கருவிகளை ஆக்குகிறார்கள்; அக்கருவிகளைக்கொண்டு புதிய கம்பைலரை ஆக்குகிறார்கள்; அதைக்கொண்டு நூலகக் கோப்புகளையும், அவற்றின்மேல் மற்ற எல்லாவற்றையும் ஆக்குகிறார்கள். உறைமோர்ச் சங்கதிதான் இது. இவ்வூரில் குடிவைக்கும் எந்தக் குடும்பமும் முதல் நாள் அடுத்த வீட்டில் போய் ஒரு கரண்டி உறைமோர் வாங்காமல் தயிர் தோய்த்ததில்லை. அடுத்த வீட்டார் அதை யாரிடம் வாங்கினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் எந்த ஊரில் போய் நிற்போமோ?

இந்தக் கேள்வியைக் கென் தாம்சன் என்னும் அறிஞர் வேறொரு விதமாகக் கேட்டிருக்கிறார். யுனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவர் அவர். டூரிங் விருது பெற்றபோது அவர் ஆற்றிய உரை 1984இல் அச்சாயிற்று. கம்பைலருக்குள் ஒருவன் ஒரு கள்ளத்தை ஒளித்துவைத்து, பிறகு அதன் மூல எழுத்திலிருந்து சுவடே தெரியாமல் நீக்கிவிட்டாலும், அந்தக் கம்பைலர் தன்னைத்தானே மறுபடி வார்க்கும்போதெல்லாம் அக்கள்ளம் கூடவே தொற்றி வரும் என்று அவர் காட்டினார். மூலத்தை எவ்வளவு ஊன்றிப் படித்தாலும் அகப்படாது. ஆக, மூலத்திலிருந்து வார்த்துவிட்டோம் என்று மார்தட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. உறைமோர் கொடுத்தவரை நம்பித்தான் ஆகவேண்டும்.

இனி எங்கள் அடுப்பங்கரைக்கு வருவோம். நான்கு பென்டியங்களும் 2 கிகாபைட் நினைவகம் மட்டும் உடையவை. ஒவ்வொன்றும் தனித்தனியே வார்க்கத் தொடங்கினால் நாள்கணக்கில் மூச்சு வாங்கும். ஆகவே ஐ3 கணினி ஒன்றே உலை. அதில் ஒரு முறை வடித்து, மற்ற நான்கும் இலை போட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். கையேடும் இம்முறையையே பரிந்துரைக்கிறது. உலைக் கணினியிலுள்ள மூலக் கோப்புறையையும் வார்த்த கோப்புறையையும் என்.எஃப்.எஸ். என்னும் வலைப்பங்கீட்டு முறையால் மற்றவை காணும்படி திறந்துவைக்க வேண்டும். காணலாம், எடுக்கலாம், எழுத இயலாது. மற்றொரு நுட்பம் யாதெனில், மூலம் உலையில் எந்தப் பாதையில் இருக்கிறதோ, வாங்கும் கணினியிலும் அதே பாதையில் இணைக்கப்படவேண்டும். வார்த்த பொருள் பாதையின் பெயரையே முகவரியாகக் கொண்டு அடுக்கப்பட்டிருப்பதால், பெயர் மாறினால் வீடு தெரியாமல் தடுமாறும்.

சிக்னல் நண்பர் எட்டு முனை ஸ்விட்ச் ஒன்றைத் தம் வீட்டிலிருந்து கொணர்ந்தார். கம்பி இழுத்து முனைகளில் இணைப்பி மாட்டி, ஒவ்வொன்றையும் சோதித்துக் கொடுத்தார். தண்டவாள ஓரத்தில் செய்கிற வேலையைப் போலவே ஒவ்வொரு கம்பிக்கும் எண் எழுதித் தாள் சுற்றினார். அவர் செய்ததில் குற்றம் காண ஒன்றுமில்லை.

வார்க்கத் தொடங்கிய முதல் நாள் மாலையே கால்பைசாகி வந்தது. வங்காளத்தில் சித்திரை வைகாசியில் வடமேற்கிலிருந்து கிளம்பும் புழுதிப் புயலை அன்பர்கள் அறிவார்கள். ஐந்து மணி நேரம் ஓடிய உலை, விளக்கோடு சேர்ந்து அணைந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழி உண்டு. ஆயினும் பாதி எழுதிய கோப்பு ஒன்று உள்ளே கிடந்து பின்னால் காலை வாருமோ என்று அஞ்சி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுநாள் இரவல் யு.பி.எஸ். ஒன்றை வைத்து மறுபடியும் தொடங்கினோம். ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. பிள்ளைகள் திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டே பொரி தின்றார்கள்.

முந்திய நாள் துடைத்ததற்கும் மறுநாள் தொடங்கியதற்கும் இடையில்தான் அந்தப் பிழை நுழைந்தது. அமைப்புக் கோப்பில் 'சி.பி.யூ. டைப்' என்று ஒரு வரி எழுதலாம். எந்தச் செயலிக்கு ஏற்ப வார்க்கவேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் வரி அது. எழுதாவிட்டால் எல்லாச் செயலிக்கும் பொதுவாக வார்க்கும். குமாஸ்தா அன்பருக்கு, பழைய கணினிகள் கொஞ்சம் விரைவாக ஓடட்டுமே என்று ஓர் ஆசை. யாரையும் கேளாமல் அந்த வரியில் 'நேட்டிவ்' என்று எழுதிவைத்தார்.

அந்தச் சொல்லே மயக்கிவிட்டது என்று நினைக்கிறோம். இவ்வூரில் புதிதாக ஒரு தமிழரைக் கண்டால் நாம் கேட்கும் முதற்கேள்வி, "உங்கள் நேட்டிவ் எது?" என்பதுதானே? மிகவும் பழகிய, மிகவும் அன்பான சொல். கம்பைலருக்கு அதன் பொருள், 'எந்தக் கணினியில் வார்க்கிறாயோ அதற்கே உரியதாக வார்' என்பதாகும்.

உலைக் கணினி தன் சமையலைத் தானே உண்டு எழுந்தது. பதினான்காம் பதிப்பு என்று திரையில் வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்தது எது? "எதைக் கெட்டாலும் பரவாயில்லை என்று கருதுகிறீர்களோ அதில் முதலில் பரீட்சை செய்யுங்கள்" என்ற பொருள்படக் கையேடு சொல்லியிருந்தது. நாங்கள் வாயிலருகே இருந்ததையே எடுத்துக்கொண்டோம். காரணத்தைக் கேட்டால் அன்பர்கள் நகைப்பார்கள்: அதற்குத்தான் கம்பி மிகக் குட்டையாக, காலில் இடறாமல் இருந்தது.

மாற்றும் முறையிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கெர்னல் என்னும் கருவை மட்டும் மாற்றி, கணினியை அணைத்து எழுப்பிப் பார்க்கவேண்டும். புதிய கரு பழைய நிரல்களைப் பெரும்பாலும் தாங்கும். பழைய கரு புதிய நிரல்களைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. பிறகு தனியாள் நிலையில், அதாவது வேறு எந்த வேலையும் ஓடாத நிலையில், மற்றெல்லாவற்றையும் மாற்றவேண்டும். ரயில்வேக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. டிராஃபிக் பிளாக் எடுத்துக்கொண்டு தண்டவாளம் மாற்றுவது போன்றது. வண்டி ஓடும்போது ஸ்லீப்பரை உருவ முடியாது.

கரு மாறியது. எழுந்தது. மனம் குளிர்ந்தது. பிளாக் எடுத்து உலகை மாற்றினோம். கோப்புகள் ஒழுங்காக வந்து அமர்ந்தன. ஒரு தடங்கலும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு அணைத்து எழுப்பினோம். கரு எழுந்தது. பிறகு, எல்லா நிரல்களுக்கும் தாயான 'இனிட்' என்னும் முதல் நிரல் பிறந்த கணமே இறந்தது. இனிட் இல்லாமல் எங்கும் போவதற்கில்லை என்ற பொருளில் ஒரு வரியைத் திரையில் எழுதிவிட்டுக் கணினி நின்றுவிட்டது. ஏட்டில் சொல்லியிருந்த அவசரக் கருவிகளைக்கொண்டு எழுப்ப முயன்றோம். அவையும் அதே உலையில் வடித்தவைதாமே? அவையும் அவ்வண்ணமே இறந்தன.

அறையில் அப்போது ஒரு சிறுமி இருந்தாள். பன்னிரண்டு வயது. அவளுடைய பாட்டியாரும் அந்தப் பதினொருவரில் ஒருவர். காலமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. வகுப்பு முடிந்ததும் காதில் ஒலிக்கருவியை வைத்துக்கொண்டு, பாட்டியார் ஹௌரா நிலையத்தில் தண்ணீர் கேட்டு அலைந்த கதையை அவள் கேட்டுவிட்டுப் போவது வழக்கம். யாரும் தடுத்ததில்லை.

"மாமா, பாட்டி குரல் போயிற்றா?" என்று கேட்டாள்.

"இல்லை அம்மா, வட்டில் அது வேறு பகுதியில் இருக்கிறது. நாங்கள் அதைத் தொடவில்லை" என்று சொன்னோம். சொன்னது உண்மை. அறிவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவைத்திருக்கிறோமா என்று டீச்சரம்மா கேட்டபோது, எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று எத்தனையோ வாரங்களாகத் தள்ளிப்போட்ட காரியம் அது. இருநூறு ரூபாய்ப் பென்டிரைவில் அடங்கக்கூடியது. சிறுமி மேலும் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் அழுதிருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு வீடு திரும்பியும் உறக்கமில்லை. எங்கள் தந்தையார் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் குரல் எதிலும் பதிவாகவில்லை. கருவி இல்லாத காலமன்று அது. பக்கத்து வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். வேலையில் சேர்ந்தபோது கோப்பில் ஒட்டக் கொடுத்த அவருடைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. அந்த அறைக்காக நாங்கள் கமிட்டியில் தொண்டை வறளப் பேசியதன் காரணம் அப்போதுதான் எங்களுக்கே தெளிவாயிற்று.

மறுநாள் சிக்னல் நண்பர் வேறொரு வட்டிலிருந்து கணினியை எழுப்பி, பழைய வட்டைப் படிக்க மட்டும் இணைத்தார். முதற்காரியமாகப் பதினொரு கோப்புகளையும் இரண்டு பென்டிரைவ்களில் படி எடுத்தோம். எல்லாம் பழுதின்றி இருந்தன. ஒன்றை டீச்சரம்மா முந்தானையில் முடிந்துகொண்டார் என்று எழுதினால் மிகை என்பீர்கள், கைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகுதான் காரணத்தை ஆராய்ந்தோம். உலைக் கணினியும் மற்ற நான்கும் ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில் பிறந்தவை; அச்சில் வார்த்தாற்போல் தாய்ப்பலகையும் ஒன்றுபோலவே இருக்கும். ஆயினும் 2011 முதல் வந்த செயலிகளில் ஏ.வி.எக்ஸ். என்றொரு கட்டளைத் தொகுதி சேர்க்கப்பட்டது. அது ஐ3 ரகத்தில் உண்டு, அதே தலைமுறைப் பென்டியத்தில் இல்லை. 'நேட்டிவ்' என்று சொல்லக் கேட்ட கம்பைலர், தன் ஊர் வழக்குச் சொற்களை எல்லா நிரல்களிலும் தாராளமாகப் புழங்கிவிட்டது. பென்டியத்துக்கு அச்சொற்கள் தெரியா. தெரியாத கட்டளையைக் கண்டதும் நிரலைக் கொன்றுவிடுவதே அதற்கு விதித்த விதி. கருவை வார்க்கும்போது மட்டும் இத்தகைய கட்டளைகளைத் தவிர்க்கும்படி அமைப்பாளர்களே ஏற்பாடு செய்திருப்பதனால் கரு எழுந்தது. எங்களை நம்பவும் வைத்தது.

இதைக் கேட்ட சிக்னல் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு செக்‌ஷனில் எவ்வளவு பாரமான வண்டியை விடலாம் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?" என்று கேட்டார்.

"அந்த வழியில் உள்ள பாலங்களிலேயே வலுவில்லாத பாலத்தை வைத்து" என்றோம்.

"அதுதானே!" என்றார். அதற்குமேல் குமாஸ்தா அன்பரை அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பாரச் சுற்றறிக்கைகளைக் கோப்பில் கட்டி வருகிறவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த ஒரு வரியை அடித்தோம். வார்த்த கோப்புறையை அடியோடு துடைத்தோம். மறுபடியும் ஏழு மணி நேரம். இம்முறை பொரி இல்லை. வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளும் இல்லை. டீச்சரம்மா மட்டும் ஒரு நாற்காலியில் அமர்ந்து, மின்விசிறியின் அடியில், நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். வார்த்து முடிந்ததும், வாயிற்கணினியை வெளிவட்டிலிருந்து எழுப்பி, அதன் சொந்த வட்டை ஓர் ஓரத்தில் பொருத்தி, புதிய உலகை அந்த ஓரத்துக்கே அனுப்பிப் பொருத்தினோம். இதற்கும் முறை உண்டு. சேருமிடம் எது என்று ஒரு சொல் கூட்டிக் கொடுத்தால் போதும். வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு அது தானாக எழுந்து, பெயர் கேட்டது.

மற்ற மூன்றில் இரண்டு ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. மூன்றாவதில் கடிகார மின்கலம் தீர்ந்துபோய், கணினி 2012ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் நின்றுகொண்டிருந்தது. வார்ப்பை நடத்தும் 'மேக்' என்னும் நிரல், எந்தக் கோப்பு முந்தியது எது பிந்தியது என்று நேரத்தை வைத்தே தீர்மானிக்கும். எதிர்காலத்தில் எழுதிய கோப்புகளைக் கண்டு அது பிதற்றத் தொடங்கியது. முப்பது ரூபாய் கொடுத்துப் பொத்தான் மின்கலம் ஒன்று வாங்கிப் போட்டு, நேரத்தைச் சரிசெய்த பிறகே வழிக்கு வந்தது. இவ்வளவு பட்ட பிறகு இதெல்லாம் எங்களுக்குக் கொசுக்கடி. உலகை மாற்றியபின் தமிழ் எழுத்துருவும் உள்ளீட்டு நிரலும் புதிய பதிப்புக்கு ஏற்பத் திரும்ப நிறுவவேண்டியிருந்தது. அது சனிக்கிழமை மாலை முடிந்தது.

ஞாயிறன்று கையேட்டுப் பத்திரிகை வெளியாயிற்று. பதினாறு பக்கம். எழுத்துப் பிழை நிறைய. கமிட்டித் தலைவர் பாராட்டிப் பேசினார்; பாத்திரங்களுக்கு வேறு இடம் பார்ப்பதாகவும் ஒத்துக்கொண்டார். அவரிடம் நாங்கள் வாயிற்கணினியின் கதையை அன்று சொல்லவில்லை. இந்த இதழில்தான் அவரும் படிப்பார்.

சிறுமி அன்று வரவில்லை. அடுத்த வாரம் வந்தாள். வழக்கம்போல் ஒலிக்கருவியைக் காதில் வைத்துக்கொண்டு அமர்ந்தாள். பாதியில் கழற்றிவிட்டு, "மாமா, இதில் பாட்டி ஒரு பெயர் சொல்கிறாள், புரியவில்லை. ஸ்டேஷனில் தண்ணீர் கொடுத்தவர் பெயர். நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்" என்றாள். நாங்கள் மூவரும் மாறி மாறிக் கேட்டோம். வண்டிச் சத்தம் போல் ஏதோ ஒன்று குறுக்கே விழுந்திருக்கிறது. இன்றுவரை பிடிபடவில்லை.

பதிவுகள் இப்போது நான்கு இடங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அந்தச் சிறுமியின் வீட்டில். மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் மூன்று மணி முதல் பதிவுக்கருவி தயாராக இருக்கும். வீட்டில் முதியோர் உள்ள அன்பர்கள் முன்கூட்டிச் சொன்னால் ரிக்‌ஷா அனுப்புகிறோம். அன்று மட்டும் கணினிகளில் வேறு எந்த வேலையும் தொடங்குவதில்லை என்று டீச்சரம்மா சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்.